அவர்கள் மூன்று பேரின் தீவு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் எல்லோரிடமும் ஒரு பொறாமைக் கதை இருக்கும். பக்கத்து வீட்டுக்கு முதலில் வந்த டிவி, ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணப் புடவை, மாமனார் யார் பேருக்கு மனையை எழுதி வைத்தார் என்ற பஞ்சாயத்து. இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். எனக்குச் சின்ன வயதில் வந்த பொறாமை ஒரு தீவின் மேல். அதுவும் நான் கண்ணால்கூடப் பார்க்காத தீவு. அறுபதைத் தாண்டிய பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. சர்க்கரை, முட்டிவலி வரிசையில் அதுவும் கூடவே இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தேன், திருநின்றவூரில் வளர்ந்தேன். நான் பிறப்பதற்கு முன்னால் அப்பாவுக்கு மன்னார் வளைகுடாவில் ஒரு தீவில் வேலை. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் மேற்பார்வைக்காரர். அம்மாவும் அக்காவும் அங்கேயே அவரோடு இருந்தார்கள். அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காகத் தீவை விட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அம்பத்தூரில் ஒரு ஃபேக்டரியில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் நான் பிறந்தேன். ஆக வீட்டில் நாலு பேர். அதில் மூன்று பேர் தீவுக்காரர்கள். மிச்சம் ஒருத்தி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் தீவில்தான் போய் முடியும். குழம்பில் உப்பு கூடினால் தீவில் தோண்டிய ஊற்று ஞாபகம் வரும். மின்சார ரயில் தாமதமானால் தீவுக்கு வராமல் போன படகு ஞாபகம் வரும். நான் நடுவில் புகுந்து, "அப்ப நான் எங்க இருந்தேன்?" என்று கேட்பேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்ப நீ பொறக்கல" என்பாள். கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும் எனக்கு.

அவர்கள் சொல்லிச் சொல்லி அந்தத் தீவு எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டினாற்போல் வரிசையாகக் கிடக்கின்றன அந்தத் தீவுகள். குருசடை, மனோலி, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எங்களுடையது, அதாவது அவர்களுடையது, அந்த வரிசையில் ஒரு சின்னத் தீவு. பெயரைச் சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வாள், விட்டுவிடுகிறேன். அங்கே மலை கிடையாது, பெரிய மேடு கிடையாது. மணலும் உடைந்த பவளக்கல்லும்தான் தரை. கரையைப் பார்த்த பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்குமாம், முழங்கால் தண்ணீரில் பாசி அசைவது தெரியுமாம். தெற்குப் பக்கம் பவளப்பாறை வரிசை. அலை அதில் மோதி அங்கேயே உடைந்துவிடும், சத்தம் மட்டும் வீட்டுக்குள் வரும். ஆடிக்காற்றில் மணல் ஒரு முனையிலிருந்து கிளம்பி அடுத்த முனைக்குப் போய்ச் சேரும். வாடைக்காற்றில் திரும்பி வரும். "நம்ம தீவு வருசத்துக்கு ரெண்டு தடவ பொரண்டு படுக்கும்" என்பாள் அம்மா, ஏதோ தன் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

தண்ணீர்தான் அங்கே பெரிய விஷயம். நாலு பக்கமும் உப்பு. நடுவில் மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் மெதுவாக, கலங்காமல் அள்ள வேண்டும். அவசரப்பட்டாலோ ஆழமாகத் தோண்டினாலோ கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். அம்மா திருநின்றவூருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தெருக்குழாயில் பிடித்துவந்த குடத்திலிருந்துகூடச் சின்னச் சின்னதாக மொண்டுதான் ஊற்றுவாள். தாகத்தோடு விளையாடிவிட்டு வந்து நிற்கிற எனக்கு எரிச்சலாக வரும். நான் சொம்பை முழுசாக முக்கினால், "கலக்காதடி" என்று கை ஓங்குவாள். அக்கா மட்டும் அம்மா மாதிரியே அள்ளுவாள். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறாள் என்று நினைப்பேன்.

அந்தத் தீவிலிருந்து வந்த சாமான் என்று எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தேங்காய் அளவுக்கு ஒரு பவளக்கல். மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை, தேன்கூடு மாதிரி. அம்மா அதைத் துவைக்கிற கல் பக்கத்தில் வைத்துக் குதிகாலைத் தேய்ப்பாள். நான் யாரும் பார்க்காத நேரத்தில் அதை நக்கிப் பார்த்திருக்கிறேன். உப்பு இல்லை, சோப்புதான் கரித்தது. அந்தக் கல்லை அங்கே படகு படகாக அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்புவார்களாம். அப்பாவே ஆள் வைத்து அள்ளிக் கொடுத்திருக்கிறார், சமையல்கட்டுச் சுவரை அதிலேயே கட்டியிருக்கிறார். அந்தக் கல்தான் அலையைத் தடுத்துத் தீவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன என்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்து மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பாம்பனிலிருந்து படகுக்கார மாமா வந்தார். தீவில் இருந்த காலத்தில் இவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தவர். தீவிலிருந்து யாராவது மட்டையைக் கொளுத்திப் புகை காட்டினால் படகை எடுத்துக்கொண்டு வருவாராம். அவரிடமிருந்து கருவாட்டு வாசனை வாசலிலேயே தொடங்கிவிட்டது. அக்காவைப் பார்த்ததும், "ஏ, நம்ம தீவுப் பிள்ளையா இது! என்னா வளர்த்தி!" என்று அவள் தலையைப் பிடித்து ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "இது யாரு, பக்கத்து வீட்டுப் பிள்ளையா?" என்றார்.

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். "இது இங்கிட்டு வந்த பெறகு பொறந்தது" என்றார் அப்பா. மாமா பையிலிருந்து ஒரு வலம்புரி மாதிரி இருந்த சங்கை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். எனக்கு சென்ட்ரல் ஸ்டேஷனில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் நான் அதைப் பிரிக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. கடைசியில் நமுத்துப்போகுமே என்று நானே தின்றுவிட்டேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் இந்தியா படத்தை மாட்டிவைத்து, தீவு என்றால் என்ன என்று கேட்டார். நான் எழுந்து நாலு பக்கமும் தண்ணீர் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "டீச்சர், நான் தீவுலதான் பொறந்தேன்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஊற்றுத் தண்ணீர், பவளப்பாறை, மணல் புரள்வது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். டீச்சர் அசந்துபோய்விட்டார். இடைவேளையில் மேல் வகுப்பில் படித்த அக்காவைக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சி எவ்வளவு அழகா சொல்றா" என்றார். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்ல டீச்சர், அவ ஆவடியில பொறந்தா. தீவுல இருந்தது நாங்க" என்றாள். பொய் சொன்னதற்காக நான் பெஞ்ச்மேல் நின்றேன். ஜன்னல் வழியாக அக்கா கிணற்றடியில் தண்ணீர் குடிப்பது தெரிந்தது. அவளை அன்று நான் எவ்வளவு வெறுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் அளந்து சொல்ல முடியாது.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு இருந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா அந்த மனையைச் சித்திரை வெயிலில் பார்த்து வாங்கினார். ஏரி அப்போது வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். தரகர் தள்ளி நின்று கையைக் காட்டி, "மழ பேஞ்சா இங்கேர்ந்து பாத்தாலே தண்ணி தெரியும் சார்" என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் பயந்து ஓடியிருப்பார்கள். அப்பாவுக்கு அதுதான் பிடித்துப்போயிருக்கிறது. தண்ணீர் பக்கத்தில் வீடு. அதற்காக நாலு லாரி ரப்பிஷ் கொட்டி, சுற்றியிருந்த வீடுகளைவிட உயரமாக மேடு போட்டுக் கட்டினார். அந்த மழையில் ஏரி நிறைந்து எங்கள் மனைகளுக்குள் வந்தபோது, மற்றவர்கள் வீட்டுக்குள் பாத்திரம் மிதந்தது. எங்கள் வீடு மட்டும் நாலு பக்கமும் தண்ணீரோடு தனியாக நின்றது.

எங்கள் வீட்டில் அன்றைக்குக் கொண்டாட்டம். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அப்பா ஃபேக்டரிக்குப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா மாமா கொடுத்த கருவாட்டைச் சுட்டாள். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பாவாடை நனைவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். ரயில்வே லைன் பக்கம் வடகடலாம். ஏரிப் பக்கம் தென்கடலாம். தூரத்தில் மொட்டைமாடி மட்டும் தெரிந்த வீடு மனோலித் தீவாம். மூன்று பேரும் மாறி மாறிப் பெயர் வைத்தார்கள். அம்மாவின் முகம் நான் அதுவரை பார்க்காத மாதிரி இருந்தது. சின்னப் பெண் மாதிரி சத்தம்போட்டுச் சிரித்தாள்.

நானும் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். இந்தத் தீவில் நான் இருக்கிறேன் அல்லவா, இப்போதாவது என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே. "அத்தோ, அந்த எருமை நிக்குதே, அதுக்கு இன்னா பேரு?" என்றேன்.

"இன்னாவாம் இன்னா" என்று அக்கா என்னைப் போலவே இழுத்துச் சொன்னாள். "தீவுல எருமையே கெடையாதுடி."

மூவரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அவர்கள் மூன்று பேரும் திரும்பவும் அங்கே போய்விட்டார்கள், நான் மட்டும் திருநின்றவூரில் கிடக்கிறேன் என்று தோன்றியது. அழுதேன். எனக்கு வந்த அழுகையில் பாதிக்கு மேல் கோபம்தான்.

அப்பா ஒரு கழியில் கோடு கோடாகக் கிழித்து வாசல் ஓரம் நட்டு வைத்திருந்தார். கடலில் ஏத்தம், வத்தம் என்று இருக்கும். தண்ணீர் ஏறும், சில மணி நேரத்தில் இறங்கும். தீவில் இருந்தவர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாம் செய்வார்கள். அப்பா அந்தக் கழியைப் பார்த்துப் பார்த்து, "சாயங்காலம் வத்தம் வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்தது, வத்தம் வரவில்லை. தண்ணீர் ஒரு கோடு ஏறியிருந்தது. "நாளைக்கு அமாவாச. அதான் ஏத்தம் கூட இருக்கு" என்றார். அம்மா தலையாட்டினாள். அக்காவும் ஆட்டினாள். படித்த மனுஷர், பேப்பர் வாசிக்கிறவர், ஏரித் தண்ணீர் அமாவாசைக்கு ஏறும் என்று நம்பினார். நீரோடு வாழ்ந்தவர்கள்தான் அப்படி ஏமாற முடியும், மற்றவர்கள் முந்தின நாளே மூட்டை கட்டிவிட்டார்கள்.

காலையில் பால்கார அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னா அண்ணாத்தே, இன்னும் ஊட்லயே குந்திகினு கீறே? கலங்கல் மேல தண்ணி போவுது. அந்தாண்ட கரை கசியுதுன்றாங்க. புள்ளைங்கள இட்டுகினு பள்ளிக்கூடத்துக்குப் போ, எல்லாரும் அங்கதான் கீறாங்க."

"வத்தம் வரும்ப்பா. மத்தியானத்துக்குள்ள எறங்கிரும்" என்றார் அப்பா.

"இன்னா வருது?"

"தண்ணி எறங்குற நேரம். நாங்க தீவுல இருந்தவங்க. இதெல்லாம் பாத்தவங்கதான்."

பால்காரர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு எருமையின் முதுகில் தட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்று அந்தக் கழியைப் பார்த்தேன். ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. தண்ணீர் படியின் மேல் தளும்பியது. அதன் நிறமும் எனக்குத் தெரியும், செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து வருகிற செம்மண் நிறம். அந்த ஏரியில்தான் நான் தவளை பிடித்தேன், நத்தை பொறுக்கினேன். ஒருநாளும் அது காலையில் ஏறி மாலையில் இறங்கி நான் பார்த்ததில்லை. நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலங்கல் வழியாகப் போனால்தான் குறையும். அதுவரை ஏறிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

"அப்பா, இது ஏரி" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. அக்காவிடம் ஏதோ அமாவாசைக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே இருந்த எல்லாம் அப்போது வெளியே வந்தது. படகு மாமா, பிஸ்கட் பாக்கெட், பெஞ்சு, எருமை எல்லாம்.

"இது ஏரி! கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல! இது ஒங்க தீவு கெடையாது. இது எங்க ஊரு. ஒங்களுக்கு இங்க ஒண்ணுமே தெரியாது!"

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. தண்ணீரைப் பார்த்தார், கழியைப் பார்த்தார். தீவிலிருந்து வந்து அத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் திருநின்றவூரில் இறங்கினார் என்று நினைக்கிறேன். அம்மா சுடச்சுட இருந்த சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள்.

"எந்த வழி போகணும், சொல்லு" என்றார் அப்பா என்னிடம்.

எனக்கு வழி தெரியும். தெரு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வேலிக்கருவை வரிசையை ஒட்டிப் போனால் தரை கெட்டியாக இருக்கும். சூளைக்காரர்கள் மண் எடுத்த குழி இடது பக்கம். பனைமரம் நிற்கிற இடத்துக்கு முன்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு, முழுக்க மூழ்கிக் கிடந்தது. நான் அந்தக் கோடு போட்ட கழியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். என் நெஞ்சு வரை தண்ணீர். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அம்மா அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அக்கா கடைசியில், சங்கை மார்போடு அணைத்துக்கொண்டு. கிணற்றுப் பக்கம் வந்தபோது அவள் பனைமரத்தைப் பிடிக்கலாம் என்று ஒதுங்கினாள். "அங்க போவாத! கெணறு!" என்று கத்தினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நான் கால் வைத்த இடத்தில்தான் காலை வைத்தாள்.

பவளக்கல் துவைக்கிற கல் பக்கத்திலேயே இருந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபின் தேடினோம், கிடைக்கவே இல்லை.

பள்ளிக்கூட வராந்தா முழுக்க எங்கள் தெருச் சனம். முனை வீட்டு பாய் பெரிய டேக்சாவில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். ஈரப் புடவைகள் ஜன்னல் கம்பியில் தொங்கின. நான் ஒரு தூண் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். அப்பா சொல்லுவார், இவள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுவார் என்று காத்திருந்தேன். பாய் கேட்டார், "எப்டி சார் வந்தீங்க, அந்தாண்ட ஆழமாச்சே?" அப்பா, "வந்துட்டோம்" என்றார். அவ்வளவுதான். தன் தண்ணீர் தனக்கே தெரியாமல் போனதை எந்த ஆண் வாயால் சொல்லுவான். இது இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோறு தின்ற பிறகு பேச்சு ஆரம்பித்தது. வெள்ளத்தைப் பற்றிப் பேசிப் பேசி எல்லோருக்கும் சலித்துவிட்டது. அப்பா மெல்லத் தீவை எடுத்தார். வராந்தாவே அவர் பக்கம் நகர்ந்து வந்தது. பால்காரர் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். நடுநடுவே அக்கா, "அதுக்கு முன்னாடி புகை போட்டோம்ப்பா, அத விட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். இங்கேயும் அதே கதைதான் என்று நான் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கடல் பசுன்றாங்களே, அத்த பாத்துகிறியா அண்ணாத்தே?" என்று கேட்டார் பால்காரர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கதை எனக்கு மனப்பாடம். அவர்களிடம் இருந்த கதைகளிலேயே பெரியது அது, முழுக்க முழுக்க அக்காவுடையது. வத்தத்தில் ஒரு கடல் பசுக் குட்டி பாறைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தாய் அந்தப் பக்கம் ஆழத்தில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அப்போதெல்லாம் அதை இறைச்சிக்கு அறுப்பார்கள். படகுக்காரர்கள் நாலைந்து பேர் அரிவாளோடு இறங்கி வந்தார்கள். அக்காவுக்கு ஐந்து வயது. ஓடிப்போய்க் குட்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவளை யாராலும் பிய்த்து எடுக்க முடியவில்லை. தண்ணீர் ஏறியதும் குட்டி தாயிடம் போய்விட்டது.

அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் எல்லாம் அப்படியே. "அருவாளோட வாரானுக. அப்ப ஒரு அஞ்சு வயசுப் பிள்ள, ஓடிப்போயி அது மேல குப்புறப் படுத்துக்கிருச்சு" என்றார். என்னை இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்தார். கையை என் தலைமேல் வைத்தார். "இந்தா, இந்தப் பிள்ளதான்."

கை விலகிவிடுமோ என்று நான் தலையை அசைக்கவே இல்லை.

"அப்பா, அது..." என்றாள் அக்கா.

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. அம்மா அக்காவின் கையைப் பிடித்து அழுத்தியதை நான் பார்த்தேன். "எந்திரிக்க மாட்டேன்னுருச்சு" என்று அப்பா தொடர்ந்தார். "ஏத்தம் வந்து தண்ணி இதோட கழுத்துக்கு வந்துருச்சு. அப்பயும் விடல."

நாங்கள் எந்த வருஷம் தீவை விட்டோம் என்று கணக்குப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பால்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "த்தோடா! இந்தப் பொடுசா! ஏ தங்கச்சி, ஒனக்கு பயமே இல்லியா?"

"இல்ல" என்றேன். "அது வழவழன்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

அக்காவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என் தலைமேல் இருந்த அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு அத்துப்படி. எட்டு வருஷமாக நான் அவளைப் பார்த்த பார்வை அது. அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் பிறகு கல்யாணத்தில் கிடைக்கவில்லை, வீடு கட்டியபோது கிடைக்கவில்லை.

அப்பா மறதியாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, கேட்டால் திருத்திவிடுவாரோ என்ற பயம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எங்கே சொன்னாலும் அது நான்தான். சம்பந்தி வீட்டில் சொன்னார், ஃபேக்டரியில் சொன்னார். சர்ச்சில் நடந்த அவருடைய நினைவுப் பூசையில் சாமியாரே பிரசங்கத்தில் இளைய மகள் என்று சொல்லி என்னைக் கைகாட்டினார். அக்கா முன்வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

நான் இன்றுவரை அந்தத் தீவுக்குப் போகவில்லை. இப்போது அந்தப் பக்கம் சுற்றுலாப் படகெல்லாம் விடுகிறார்கள், அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். அவள் கையைக் காட்ட, நான் பார்க்க வேண்டுமா? வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஏழு வருஷம் அங்கே இருக்கிறது. ஊற்றும் மணலும் புகையும் அவளுடையதுதான், நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வானகரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். குரல் சரியில்லை.

"பேத்தி கதை கேட்டாடி. கடல் பசு கதையச் சொன்னேன். 'அது சின்னப் பாட்டி கதையாச்சே, நீங்க ஏன் உங்க கதைன்னு சொல்றீங்க'ங்கறா. என்னையப் பொய்க்காரிங்கறா. நமக்கும் வயசாச்சு. நீயாவது அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுடி. அது நான்தான்னு."

"போனை அவகிட்ட குடு" என்றேன்.

போன் கை மாறியது. மூச்சு வாங்க அந்தப் பிள்ளை வந்தது. "சின்னப் பாட்டி! நிஜமாவே அது மேல படுத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

பக்கத்தில் அக்கா காத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

"சூடா இருந்துச்சுடி கண்ணு" என்றேன். "அது மூச்சு விடுறது என் வயித்துல தெரிஞ்சுது."